பிக்கோ போர்டில் இரண்டாவது கோருக்கு என்ன வேலை?

ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற குட்டி மின்னணுப் போர்டைப் புதிதாக வாங்கியவர்களிடமிருந்து நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: இதில் இரண்டு கோர், அதாவது புரோகிராமை ஓட்டும் மூளை, இருக்கிறதே, அப்போ என் புரோகிராம் இரண்டு மடங்கு வேகமாக ஓடுமா? ஓடாது. நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் அந்த இரண்டாவது கோர் போர்டுக்கு மின்சாரம் வந்த நொடியிலிருந்து தூங்கிக்கொண்டேதான் இருக்கும். நீங்களாக எழுப்பவேண்டும், எழுப்பிய பிறகு என்ன வேலை பார்க்கவேண்டும் என்பதையும் நீங்களே சொல்லவேண்டும், அது பார்க்கிற வேலை முதல் கோர் பார்க்கிற வேலையோடு மோதாமல் இருக்க ஏற்பாடும் நீங்களே செய்யவேண்டும். இவ்வளவையும் செய்த பிறகு கிடைப்பது பெரும்பாலும் வேகம் இல்லை, ஒரு வேலைக்காக இன்னொரு வேலை காத்திருக்க வேண்டாம் என்கிற நிம்மதி.

டீக்கடையில் டீ ஆற்றுகிறவரே கல்லாவிலும் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ணும் நேரத்தில் பால் பொங்கிவிடும். கல்லாவுக்குத் தனியாக ஒருவரைப் போட்டால் டீ ஒன்றும் சீக்கிரம் கொதிக்கப்போவதில்லை, ஆனால் பால் பொங்காது. இரண்டு கோர் என்பது அந்த இரண்டாவது ஆள்.

முதலில் போர்டைப் பற்றிக் கொஞ்சம். பிக்கோ வெளியானது 2021 ஜனவரி 21 அன்று, விலை 4 டாலர். இங்கே இணையக் கடைகளிலும் சென்னை ரிச்சி தெருவிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் நடுவில் கருப்பாக இருக்கும் ஆர்பி2040 தான் ராஸ்பெர்ரி பை தானே வடிவமைத்த முதல் மைக்ரோகன்ட்ரோலர் சிப், அதாவது ஒரே சிப்புக்குள் அடங்கிய குட்டிக் கணினி. பெயரிலேயே விவரம் இருக்கிறது: ஆர்பி என்பது ராஸ்பெர்ரி பை, 2 என்பது கோர்களின் எண்ணிக்கை, அடுத்த 0 என்பது கோரின் வகை, அதாவது ஆர்ம் கார்டெக்ஸ் எம்0 பிளஸ், 4 என்பது ரேம் அளவைக் குறிக்கும் ஒரு மடக்கைக் கணக்கு, கடைசி 0 என்பது சிப்புக்குள் ஃப்ளாஷ் நினைவகம் கிடையாது என்பதற்கு. அந்தக் கடைசிப் பூஜ்யத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது நம்மைத் தொந்தரவு செய்யப்போகிறது.

விலை இவ்வளவு குறைவாக இருப்பதற்கும் அந்தப் பூஜ்யத்துக்கும் தொடர்பு உண்டு. வழக்கமான மைக்ரோகன்ட்ரோலர்களில் புரோகிராம் தங்கும் ஃப்ளாஷ் சிப்புக்குள்ளேயே இருக்கும். ஒரே சில்லில் லாஜிக்கும் ஃப்ளாஷும் சேர்த்துத் தயாரிப்பது தனிச் செலவு. இவர்கள் ஃப்ளாஷை வெளியே தள்ளிவிட்டு, 40 நானோமீட்டர் முறையில் சின்னதாக ஒரு சில்லைச் செய்து, 264 கிலோபைட் ரேமை உள்ளே தாராளமாக வைத்துவிட்டார்கள். பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் குட்டிச் சிப்தான் 2 மெகாபைட் ஃப்ளாஷ். அதோடு 2021 என்பது உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு தலைவிரித்தாடிய வருடம். வழக்கமாக வாங்கும் சிப்புகள் மாதக்கணக்கில் கிடைக்காமல் இருந்தபோது ஆர்பி2040 கையில் கிடைத்தது. சின்ன நிறுவனங்கள் பல இதன் பக்கம் திரும்பியதற்கு அதன் தொழில்நுட்பத்தைப் போலவே அந்தக் காலகட்டமும் ஒரு காரணம்.

மலிவான போர்டில் பல கோர் என்ற யோசனை பிக்கோவோடு பிறந்ததில்லை. கலிஃபோர்னியாவின் பேரலாக்ஸ் நிறுவனம் 2006-லேயே ப்ரொப்பெல்லர் என்ற சிப்பைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் சிப் கிரேஸி (ஆமாம், பெயரே சிப்தான்). அதில் எட்டு கோர்கள். பொது நினைவகத்தை ஒவ்வொரு கோரும் ராட்டினம் சுற்றுவதுபோல் முறைவைத்துத் தொடும். இன்டரப்ட், அதாவது ஏதாவது நடந்தால் ஓடும் வேலையை நிறுத்தி இதைக் கவனி என்று கோரைக் கூப்பிடும் வசதி, என்கிற விஷயமே அதில் கிடையாது, ஏதாவது ஒன்றைக் கவனிக்கவேண்டுமா, அதற்கென்று ஒரு கோரை ஒதுக்கிவிடு என்பதுதான் அந்த வடிவமைப்பின் எண்ணம். அழகான எண்ணம் என்றே இன்றும் நினைக்கிறேன். அப்புறம் 2016-இல் ஈஎஸ்பி32 என்ற சிப் வந்தது, 240 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கோர், வைஃபையோடு. அதில் ஆர்டுவினோ என்ற எளிய புரோகிராமிங் சூழல் வழியாக எழுதுகிறவர்கள் பலருக்கு இரண்டு கோர் இருப்பதே தெரியாது, ஏனென்றால் வைஃபை வேலைகள் ஒரு கோரிலும் நாம் எழுதும் லூப் இன்னொன்றிலும் தானாகப் பிரிந்துவிடும். பிக்கோவில் அப்படித் தானாக எதுவும் நடக்காது. தொடங்குகிறவருக்கு அது நல்லது என்பேன், எது எங்கே ஓடுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

சரி, போர்டு கைக்கு வந்துவிட்டது. 21 மில்லிமீட்டர் அகலம், 51 மில்லிமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் சேர்த்து 40 பின். சாதாரணப் பிக்கோவில் பின்கள் பற்றவைக்கப்படாமல் வெறும் துளைகளாக வரும், சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் ஹெட்டர் பின் வைத்தே வரும் பிக்கோ எச் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு மைக்ரோ யூஎஸ்பி கேபிள். வீட்டில் கிடக்கும் பழைய கேபிள்களில் பாதி சார்ஜ் போட மட்டுமே ஆனவை, உள்ளே டேட்டா கம்பி இருக்காது. கணினி போர்டைக் கண்டுகொள்ளவில்லை என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கேபிளை மாற்றிப் பாருங்கள் என்பதுதான்.

போர்டின் மேல் ஒரே ஒரு பட்டன், பெயர் பூட்செல். அதை அழுத்திப் பிடித்தபடி கேபிளைச் செருகினால் பென் டிரைவ்போல ஆர்பிஐ-ஆர்பி2 என்ற பெயரில் ஒரு டிரைவ் திறக்கும். மைக்ரோபைத்தானின், அதாவது இதுபோன்ற குட்டிப் போர்டுகளுக்கான பைத்தான் மொழியின், யுஎஃப்2 கோப்பை இறக்கி அதன் மேல் இழுத்துப் போட்டால் டிரைவ் மறைந்துவிடும், போர்டு பைத்தான் பேசத் தொடங்கிவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. இந்த டிரைவாக மாறும் வேலையைச் செய்யும் புரோகிராம் சிப்புக்குள் மாற்றவே முடியாத ரோமில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதனால் நீங்கள் எவ்வளவு தப்பான புரோகிராமை ஏற்றினாலும் பட்டனை அழுத்திச் செருகினால் போர்டு திரும்பி வந்துவிடும். புரோகிராம் எழுதி இதைக் கெடுக்க முடியாது, தப்பான மின்சாரம் கொடுத்துத்தான் கெடுக்கமுடியும். பள்ளிப் பிள்ளைகள் கையில் தைரியமாகக் கொடுக்கலாம் என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

கணினியில் தோனி என்ற எடிட்டர் போதும், எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். முதல் புரோகிராம் எல்லோரும் செய்வதுபோல எல்ஈடியை மினுக்குவது. சாதாரணப் பிக்கோவில் அது சிப்பின் ஜிபி25 பின்னில் இருக்கிறது. வைஃபை உள்ள பிக்கோ டபிள்யூவில் அந்த எல்ஈடி வைஃபை சிப்போடு இணைக்கப்பட்டிருப்பதால் 25 என்ற எண்ணைக் கொடுத்தால் எரியாது, எல்ஈடி என்ற பெயரைக் கொடுக்கவேண்டும். கணினி இல்லாமல் போர்டு தனியாக ஓடவேண்டுமென்றால் கோப்பை மெயின்.பிஒய் என்ற பெயரில் போர்டுக்குள்ளேயே சேமித்துவிடுங்கள்.

மின்சாரம் என்று சொன்னேன் இல்லையா, அதில் ஒன்றே ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பிக்கோவின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. ஆர்டுவினோ உனோ போர்டில் பழகியவர்கள் 5 வோல்ட் சென்சாரின் சிக்னல் கம்பியை நேராகச் செருகிவிடுவார்கள். சில சமயம் உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து, வேலை செய்கிறதே என்று விட்டுவிடுவோம், ஒருநாள் அந்தப் பின் செத்திருக்கும். 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டு 5 வோல்ட்டை மூன்றில் இரண்டு பங்காக இறக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாவது கோர் விஷயத்தை எனக்குப் புரியவைத்தது ஒரு தண்ணீர்க் குழாய். தோட்டத்துக்கு ஒரு நாளில் எத்தனை லிட்டர் விடுகிறோம் என்று பார்க்க ஆசைப்பட்டு, ஒய்எஃப்-எஸ்201 என்ற ஓட்டம் அளக்கும் சென்சாரை ஹோஸில் பொருத்தினேன். உள்ளே ஒரு குட்டிச் சக்கரம் சுற்றும், சுற்றச் சுற்ற பல்ஸ் வரும், லிட்டருக்குச் சுமார் 450 பல்ஸ். நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓடினால் நொடிக்கு 90 பல்ஸ், அதாவது 11 மில்லி விநாடிக்கு ஒன்று. மைக்ரோகன்ட்ரோலருக்கு இது ஒரு வேகமே இல்லை. ஒரே லூப் எழுதினேன்: பின் மாறியதா பார், மாறியிருந்தால் எண்ணிக்கையைக் கூட்டு, அவ்வப்போது சின்ன ஓலெட் திரையில் எண்ணைக் காட்டு.

10 லிட்டர் வாளியை வைத்து நிரப்பினேன். 4500-ஐ ஒட்டி வரவேண்டிய எண்ணிக்கை நாலாயிரத்தைச் சுற்றி நின்றது. சென்சார் மட்டம் என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்கினேன், அதிலும் அதே கதை. அப்புறம்தான் திரையின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 128-க்கு 64 புள்ளி கொண்ட திரை, மொத்தம் 1024 பைட். திரையைப் போர்டோடு இணைக்கும் ஐ2சி கம்பியில் ஒரு பைட்டுக்கு 9 பிட் போகும், 400 கிலோஹெர்ட்ஸில் அனுப்பினால் ஒரு முறை திரையைப் புதுப்பிக்க 23 மில்லி விநாடி. அந்த 23 மில்லி விநாடியும் என் லூப் திரைக்கு எழுதிக்கொண்டு நிற்கிறது, பின்னைப் பார்க்கவில்லை. 11 மில்லி விநாடிக்கு ஒரு பல்ஸ் என்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு பல்ஸ் போச்சு. நொடிக்கு ஐந்து முறை திரையைப் புதுப்பித்தால் 90-இல் 10 காணாமல் போகும். 4500-இல் ஐந்நூறு காணாமல் போனது அப்படித்தான். சென்சார் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஒரே ஆள் டீயும் ஆற்றி கல்லாவும் பார்த்ததுதான்.

எண்ணும் வேலையை இரண்டாவது கோருக்குக் கொடுத்தேன். மைக்ரோபைத்தானில் இதற்கு த்ரெட் என்ற மாட்யூல் இருக்கிறது, ஒரு ஃபங்ஷனை அதனிடம் கொடுத்தால் அது இரண்டாவது கோரில் ஓடத் தொடங்கும். கணினியில் ஓடும் வழக்கமான பைத்தானில் ஜிஐஎல் என்ற பொதுப் பூட்டு ஒன்று உண்டு, எத்தனை த்ரெட் (தனித்தனியாக ஓடும் வேலை) வைத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைத்தானை ஓட்டமுடியும். பிக்கோவுக்கான மைக்ரோபைத்தானில் அந்தப் பூட்டு இல்லை, இரண்டு கோரும் உண்மையிலேயே ஒரே நேரத்தில் ஓடும். ஆனால் கூடுதலாக ஒரே ஒரு த்ரெட்தான். இரண்டாவதாக இன்னொன்றைத் தொடங்கப் பார்த்தால் கோர்1 (எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் அது இரண்டாவது கோர்) ஏற்கனவே வேலையில் இருக்கிறது என்று பிழை காட்டும். கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால் முதல் கோர் மட்டும்தான் நிற்கும், இரண்டாவது கோர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பது தெரியாமல் பலர் இந்தப் பிழையில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாவது கோரின் லூப்பில் நிறுத்து என்று சொல்ல ஒரு கொடி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

வாளிச் சோதனை இப்போது சரியாக வந்தது. அடுத்த நாள், ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டலாமே என்று தோன்றியது. முதல் கோர் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு அதைப் பூஜ்யமாக்கிவிடும், இரண்டாவது கோர் மறுபடி கூட்டிக்கொண்டே வரும். நாள் முழுக்க ஓடவிட்டால் கூட்டுத்தொகை உதைத்தது.

இதில் நடப்பது என்ன? ஒரு எண்ணைக் கூட்டுவது நமக்கு ஒரு வரி, சிப்புக்கு மூன்று வேலை: நினைவகத்திலிருந்து எடு, ஒன்று கூட்டு, திரும்ப வை. ஒரே கணக்கு நோட்டில் இரண்டு பேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 45 என்று பார்த்து மனதில் 46 ஆக்கிக்கொண்டு பேனாவைத் தேடுகிறார். அதற்குள் மற்றவர் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டுவிடுகிறார். முதலாமவர் வந்து 46 என்று எழுதுகிறார். 45 பல்ஸ் இரண்டு முறை கணக்கில் ஏறிவிட்டது. இது எப்போதாவதுதான் நடக்கும், மேசையில் வைத்துச் சோதிக்கும்போது அநேகமாக நடக்கவே நடக்காது, அதனால்தான் இரண்டு கோர் புரோகிராமில் தப்பைக் கண்டுபிடிப்பது இவ்வளவு சிரமம்.

பெரிய பிராசசர்களில் இந்த மூன்று வேலையையும் யாரும் குறுக்கே வராமல் செய்வதற்கென்றே கட்டளைகள் இருக்கும். எம்0 பிளஸ் கோரில் அவை இல்லை. அதற்குப் பதிலாக ஆர்பி2040-இல் 32 வன்பொருள் பூட்டுகளை வைத்திருக்கிறார்கள். ஒரு பூட்டைப் படித்துப் பார்க்கும் செயலே அதை எடுத்துக்கொள்ளும் செயலும் ஆகும், இரண்டு கோரும் ஒரே கணத்தில் கேட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். மைக்ரோபைத்தானிலும் சி மொழியிலும் நாம் பயன்படுத்தும் லாக், மியூடெக்ஸ் என்ற மென்பொருள் பூட்டுகள் எல்லாம் இந்தப் பூட்டுகளின் மேல் கட்டியவை. இதுபோக இரண்டு கோருக்கும் நடுவே ஆளுக்கொரு தபால் பெட்டி, ஒவ்வொன்றிலும் 32 பிட் செய்திகள் எட்டு வரை வரிசையில் நிற்கலாம். சி மொழியில் இரண்டாவது கோரை எழுப்பும்போதுகூட, எங்கிருந்து ஓடத் தொடங்கவேண்டும், ஸ்டாக் என்கிற தற்காலிக வேலை நினைவகம் எங்கே என்ற விவரங்கள் இந்தத் தபால் பெட்டி வழியாகத்தான் போகின்றன. ரோமுக்குள் தூங்கும் அந்தக் கோர் அதைப் படித்துவிட்டு எழுந்து வருகிறது.

லாக் போட்டும் சரிசெய்யலாம். நான் அப்படிச் செய்யவில்லை, இதைவிட எளிய வழி ஒன்று உண்டு: ஒரு எண்ணை எழுதும் உரிமை ஒரு கோருக்கு மட்டும். எண்ணும் கோர் கூட்டிக்கொண்டே போகட்டும், பூஜ்யமாக்கும் பேச்சே வேண்டாம். காட்டும் கோர் போன முறை பார்த்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு இப்போது பார்க்கும் எண்ணிலிருந்து கழித்துக்கொள்ளட்டும். பூட்டும் வேண்டாம், சாவியும் வேண்டாம். இரண்டு கோரில் எழுதத் தொடங்கும் எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான், பூட்டுகளைப் பற்றிப் படிப்பதற்கு முன்னால் பூட்டே தேவைப்படாதபடி வேலையைப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள், பத்தில் எட்டு முறை முடியும்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மின்சாரம் போனால் எண்ணிக்கை போய்விடுகிறதே என்று, நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் போர்டின் ஃப்ளாஷில் ஒரு கோப்பில் எழுதச் சொன்னேன். மறுபடி பல்ஸ் விட்டுப்போகத் தொடங்கியது. எண்ணுவது இரண்டாவது கோர், கோப்பில் எழுதுவது முதல் கோர், இரண்டும் தனித்தனி, பிறகு எப்படி?

அந்தக் கடைசிப் பூஜ்யம்தான். சிப்புக்குள் ஃப்ளாஷ் இல்லை. இரண்டு கோரும் தங்கள் புரோகிராமை வெளியே இருக்கும் அந்த ஒரே குட்டி ஃப்ளாஷ் சிப்பிலிருந்துதான் நேரடியாகப் படித்து ஓட்டுகின்றன. நடுவில் சமீபத்தில் படித்ததை வைத்துக்கொள்ளும் 16 கிலோபைட் கேஷ் ஒன்று இருப்பதால் இது வழக்கமாக நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் ஃப்ளாஷில் எழுதும்போது அதைப் படிக்க முடியாது. எழுதுவதற்கு முன்னால் 4 கிலோபைட் பகுதியை அழிக்கவேண்டும், இந்த வகை ஃப்ளாஷில் அதற்கே சாதாரணமாக 45 மில்லி விநாடி ஆகிறது, மோசமான நேரத்தில் 400 வரை போகலாம். அவ்வளவு நேரமும் மற்ற கோர் ஃப்ளாஷைத் தொட்டுவிடக்கூடாது என்பதற்காக மைக்ரோபைத்தான் அதை நிறுத்தியே வைக்கிறது, இன்டரப்டையும் அணைத்துவிடுகிறது. இரண்டு பேருக்கும் ஒரே சமையல் குறிப்பு நோட்டு, அதில் ஒருவர் எழுதும்போது மற்றவர் கைகட்டி நிற்கத்தான் வேண்டும்.

கோர் இரண்டு என்பதை மட்டும் பார்த்தால் போதாது, அந்த இரண்டும் எதையெல்லாம் பகிர்ந்துகொள்கின்றன என்பதையும் பார்க்கவேண்டும் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். ரேம் விஷயத்தில் ஆர்பி2040 நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது: 264 கிலோபைட்டை ஆறு துண்டுகளாகப் பிரித்து, நான்கு பெரிய துண்டுகளில் அடுத்தடுத்த சொற்கள் மாறி மாறி விழும்படி வைத்திருக்கிறார்கள், அதனால் இரண்டு கோரும் ஒரே நேரத்தில் ரேமைத் தொட்டாலும் பெரும்பாலும் ஒரே துண்டில் மோதுவதில்லை. மீதி இரண்டு 4 கிலோபைட் துண்டுகளில் ஆளுக்கொரு ஸ்டாக். சி மொழியில் எழுதுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும், இரண்டாவது கோரின் ஸ்டாக் தானாகக் கிடைப்பது 2 கிலோபைட்தான். ஃபங்ஷனுக்குள் பெரிய வரிசை ஒன்றை அறிவித்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நிரம்பி வழிந்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் தப்பு தெரியும். ஃப்ளாஷ் மட்டும் ஒன்றே ஒன்று.

என் குழாய்க்குக் கடைசியில் விடிவு வந்தது கோரிலிருந்தே இல்லை, பிஐஓவிலிருந்து. ஆர்பி2040-இன் உண்மையான சொத்து இதுதான் என்பேன். பின்களைக் கவனிப்பதற்கும் ஆட்டுவதற்கும் மட்டுமே பிறந்த எட்டுக் குட்டி இயந்திரங்கள், நான்கு நான்காக இரண்டு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் 32 கட்டளைகளுக்கு மட்டுமே இடம், கட்டளை வகைகளும் மொத்தம் ஒன்பதுதான். கூட்டல் கிடையாது, ஒன்று ஒன்றாகக் குறைக்க மட்டும் தெரியும். என் பல்ஸ் எண்ணும் புரோகிராம் அதில் மூன்றே கட்டளை: பின் தாழும்வரை காத்திரு, உயரும்வரை காத்திரு, எண்ணிலிருந்து ஒன்று குறைத்துவிட்டு முதலுக்குப் போ. கீழ்நோக்கி எண்ணுவதைப் பைத்தானில் கழித்து நேராக்கிக்கொள்ளலாம். இது ஃப்ளாஷைத் தொடுவதே இல்லை, தன் கட்டளைகளைத் தன்னிடமே வைத்திருக்கிறது. ஃப்ளாஷ் அழிந்துகொண்டிருக்கும்போதும் எண்ணும், இரண்டு கோரும் தூங்கினாலும் எண்ணும்.

திரைப் பிரச்சினையை மட்டும் தீர்க்க இரண்டாவது கோரும் தேவையில்லை, பிஐஓவும் தேவையில்லை, பின்னுக்கு ஒரு இன்டரப்ட் வைத்திருந்தாலே போதும் என்பதையும் சொல்லியாகவேண்டும். திரைக்கு எழுதும் நடுவிலும் இன்டரப்ட் வரும், எண்ணிவிட்டுப் போகும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் இன்டரப்ட், நேரம் துல்லியமாக வேண்டுமென்றாலோ நிற்கவே கூடாதென்றாலோ பிஐஓ, அதற்கும் மேல் மூச்சுவிடாமல் கணக்குப்போடும் வேலை இருந்தால்தான் இரண்டாவது கோர். வண்ண எல்ஈடி சரங்களை எடுத்துக்கொள்ளுங்கள், டபிள்யூஎஸ்2812 வகையில் ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ விநாடிதான் நேரம், அதைக் கோரை வைத்து ஆட்டுவது வீண், பிஐஓ அதை நாலு கட்டளையில் முடித்துவிடும்.

இரண்டாவது கோர் தன் சம்பளத்துக்கு வேலை செய்வதைப் பார்க்க ஆசையா, பிக்கோடிவிஐயைப் பாருங்கள். லூக் ரென் என்ற ராஸ்பெர்ரி பை பொறியாளர் செய்தது. வீடியோவுக்கென்று எந்த வன்பொருளும் இல்லாத இந்தச் சிப்பிலிருந்து நேராக மானிட்டருக்கு 640-க்கு 480 படம், நொடிக்கு 60 முறை. அப்போது 133 மெகாஹெர்ட்ஸுக்கு என்று சொல்லப்பட்ட சிப்பை 252-இல் ஓட்டி, பிஐஓ கம்பியில் பிட்டுகளைத் தள்ள, கோரின் உதவியில்லாமல் தரவை நகர்த்தும் டிஎம்ஏ அதற்குத் தீனி போட, ஒவ்வொரு வரியையும் மானிட்டருக்குப் புரியும் குறியீடாக மாற்றும் வேலையைத் தனியாக ஒரு கோர் பார்க்கிறது. மற்ற கோர் விளையாட்டையோ படத்தையோ பார்த்துக்கொள்ளும். முதன்முதலில் அதை ஓட்டிப் பார்த்த இரவு நான் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சி மொழி பழகியவர்கள் விஎஸ் கோட் எடிட்டருக்கான அதிகாரப்பூர்வ எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொண்டால் தேவையான கருவிகள் எல்லாம் தானாக வந்துவிடும். ஆர்டுவினோ பழகியவர்களுக்கு இன்னும் எளிது, செட்டப், லூப் போலவே செட்டப்1, லூப்1 என்று இரண்டு எழுதினால் அவை இரண்டாவது கோரில் ஓடும்.

இப்போது வாங்குகிறவர்கள் பிக்கோ 2 வாங்கலாமா என்று கேட்பார்கள். 2024 ஆகஸ்டில் 5 டாலருக்கு வந்தது, ஆர்பி2350 சிப், 520 கிலோபைட் ரேம், 4 மெகாபைட் ஃப்ளாஷ், பிஐஓ இயந்திரங்கள் பன்னிரண்டு. கோர்கள் கார்டெக்ஸ் எம்33, தசமக் கணக்குக்குத் தனி வன்பொருள் உண்டு. பழைய பிக்கோவில் தசமக் கணக்கெல்லாம் மென்பொருளில்தான் நடக்கவேண்டும், அதனால் கணக்கு நிறைய உள்ள வேலைக்கு இந்த வித்தியாசம் பெரிது. அதே சில்லில் ரிஸ்க்-வி என்ற வேறு வகைக் கோர்கள் இரண்டும் இருக்கின்றன, எதை ஓட்டுவது என்று நாமே தேர்ந்துகொள்ளலாம், அந்தக் கோர்களை வடிவமைத்ததும் அதே லூக் ரென்தான். ஆரம்பத்தில் வந்த ஏ2 பதிப்புச் சிப்புகளில் ஒரு குறை உண்டு, பின்னைப் பூஜ்யத்துக்கு இழுத்து வைக்க உள்ளே இருக்கும் புல்-டவுன் ரெசிஸ்டரை நம்பினால் பின் 2.2 வோல்ட் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பட்டனோ சென்சாரோ வைக்கும்போது வெளியே 8.2 கிலோ ஓம் அல்லது அதற்குக் குறைவான ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போட்டுவிடுங்கள். கற்றுக்கொள்ள மட்டும் என்றால் பழைய பிக்கோவே தாராளம், வைஃபை வேண்டுமென்றால் டபிள்யூ.

தோட்டத்துக் குழாயில் இப்போதும் பழைய பிக்கோதான் இருக்கிறது. பிஐஓ எண்ணுகிறது, முதல் கோர் திரையையும் கோப்பையும் பார்த்துக்கொள்கிறது, இரண்டாவது கோர் தூங்குகிறது. அடுத்து மோட்டாரின் பேரிங் தேய்வதை அதன் அதிர்விலிருந்து முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி அளக்கும் மதிப்புகளை டிஎம்ஏ ரேமில் கொண்டுவந்து கொட்டும், ஆயிரத்துச் சொச்சம் சேர்ந்ததும் அதை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கை ஒரு கோர் விடாமல் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அதற்குப் பிக்கோ 2 வாங்கி வைத்திருக்கிறேன், இந்தமுறை இரண்டாவது கோரை முதல் நாளே எழுப்பிவிட்டேன்.